இயந்திரம் தாண்டிப் போன வரி

எனக்குப் பொருள்களைத் தொலைக்கும் பழக்கம் கிடையாது. வீட்டுச் சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில் இருக்கும், குடை செருப்பு அலமாரியின் இடது ஓரத்தில், மூக்குக் கண்ணாடி அதன் கூட்டில். என் மனைவி எதையாவது காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டும்போது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது எங்கே என்று சொல்லிவிடுவேன். ஆகவே மேலணை உடைந்து ஊர்களில் வெள்ளம் புகுந்த வருஷம், தொலைந்தவர்களைத் தேடுவதற்கு ஒரு கணினி நிரல் எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள் என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் மேசையில் அந்தத் தாள் இருக்கிறது, அதில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை.

தேடல் அலுவலகம் பழைய தபால் பிரிப்புக் கூடத்தில் இருந்தது. சுவரில் ஊர்ப் பெயர் எழுதிய சின்னச் சின்ன மர அறைகள், நடுவில் ஆறு கணினிகள், முன்னால் ஒரு கண்ணாடி ஜன்னல். இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, முகாம்களில் இருப்பவர்களுடையது, அதாவது கிடைத்தவர்கள். இன்னொன்று, ஜன்னலில் வந்து சொந்தக்காரர்கள் கொடுக்கிற பெயர்கள், அதாவது தேடப்படுகிறவர்கள். என் நிரலின் வேலை, இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சொல்வது. அறுபதாயிரம் பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் மனிதனால் ஆகிற காரியமில்லை. முதல் மாதம் மட்டும் ஆயிரத்து இருநூறு குடும்பங்களைச் சேர்த்து வைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் மயங்கி விழுவார்கள், என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதையும் எழுதிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

வாலு எங்களிடம் வந்தது இரண்டாவது மாதம். நான்கு வயது. தன் பெயரைச் சொல்லத் தெரிந்தது, வயதை விரலில் காட்டத் தெரிந்தது. அம்மா பெயர் என்னவென்று கேட்டால் "அம்மா" என்றது. தனியாகக் கிடைத்த பிள்ளைகளை ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பொறுப்பில் கொடுப்பார்கள். அதற்குள் தேடி யாரும் வரவில்லை என்று தேடல் அலுவலகம் சான்று கொடுத்தால், பொறுப்பு நிரந்தரமாகிவிடும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், வீட்டில் குழந்தை இல்லை. என் மனைவி வேண்டவே வேண்டாம் என்றாள். "கொடுத்துட்டுப் பிடுங்கிக்குவாங்க, என்னால முடியாது" என்றாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபது நாள் அது வாயைத் திறக்கவில்லை. பிறகு வாய் மூடவில்லை. நாற்காலி மேல் ஏறும், அலமாரிக்குள் புகுந்துகொள்ளும், என் மேல்சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு ஓடும். அதனால்தான் வாலு. தூங்கும்போது மட்டும் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக எடுத்துவிடலாம் என்று பார்த்தால் தூக்கத்திலேயே பிடியை இறுக்கும். வாலு என்ற அந்தப் பெயர்தான் எனக்கு நெருக்கமான பெயர். அதன் நிஜப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை, உங்கள் தாளில் இருக்கிறது.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தையல்காரம்மா வந்தார். இடுப்பெலும்பு முறிந்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தவர். ஊன்றுகோலோடு வந்தார். ஜன்னலில் பெயர் பதிகிறவரை எல்லோரும் பதிவு அக்கா என்போம். அவர் எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும், எப்படி வந்தாள் என்று தெரியாது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தம்மா மெஷின நம்ப மாட்டேங்குறாங்க. நீங்களே சொல்லுங்க."

"இன்னொரு தடவை பாருங்க," என்றார் தையல்காரம்மா.

"மூணு தடவை பார்த்தாச்சும்மா. இருந்தா காட்டாதா?"

"பேரு சரியாப் போட்டீங்களா?"

அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். தையல்காரம்மா கண்ணாடி மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இதேதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நாலு வயசு சார். இடது காதுல சின்னதா ஒரு கிழிசல் இருக்கும், தோடு துணியில மாட்டி இழுத்துருச்சு. தூங்கும்போது என் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா."

என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். திரையைப் பார்த்தேன். பதிவு இல்லை என்று இருந்தது. அது நான் எழுதிய வாசகம். அதையே வாயால் சொன்னேன். "பதிவு இல்லம்மா. வாரா வாரம் புது லிஸ்ட் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பாருங்க."

பொய் சொன்னதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. இயந்திரம் சொன்னதைத்தான் சொன்னேன்.

ஆனால் எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். முகாம் பட்டியலில் வாலுவின் பெயர் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஜன்னலில் அதே பெயரைத் தட்டுகிறார்கள். பிறகு ஏன் கிடைக்கவில்லை? அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்று. உள்ளே ஒன்றில் ஐந்து எண்கள், இன்னொன்றில் ஆறு.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். 'கொ' என்று எழுதிப் பாருங்கள். இடது பக்கம் கொம்பு, நடுவில் எழுத்து, வலது பக்கம் கால். கணினிக்குள் இதை இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஜன்னலில் இருந்தவை புதுக் கணினிகள், சேர்த்து வைத்தன. முகாம்களுக்குப் போனவை யாரோ தானமாகக் கொடுத்த பழைய கணினிகள், பிரித்து வைத்தன. என் நிரல் கண்ணால் பார்ப்பதில்லை, எண்களைத்தான் பார்க்கிறது. வாலுவின் பெயரில் அப்படி ஓர் எழுத்து இருந்தது. அதனால் தாயும் மகளும் ஒரே கூடத்தில் இரண்டு பட்டியல்களில் இருந்தும், ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் இருந்தார்கள்.

இதை முன்கூட்டியே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தப் பிழைக்காக நான் மனப்பூர்வமாக வருந்துகிறேன்.

திருத்துவதற்கு ஒரே ஒரு வரி போதும். ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவா என்று சொல்கிற வரி. அதை எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பொருத்தங்கள் வரிசையாக வந்து நின்றன. வாலு பதினேழாவது.

பதிவு அக்கா என் மேசையில் தேநீரை வைத்துவிட்டு, "என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அந்த வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டேன். அந்தக் குறி இருந்தால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரி அங்கேயே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. பக்கத்தில் தேதியும் என் முதலெழுத்தும் போட்டேன். எந்த மாற்றம் செய்தாலும் அப்படிப் போடுவது எங்கள் தொழில் வழக்கம். நான் ஒழுங்காக வேலை செய்கிறவன். உங்களுக்கு அந்த வரி கிடைத்ததே அந்த ஒழுங்கினால்தான்.

வாலுவின் பெயரை மட்டும் விலக்கி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். ஒரு பெயரை மட்டும் விலக்கினால் அது ஒருவன் வேண்டுமென்றே செய்தது. நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே மாதிரி இருந்தால் அது இயந்திரத்தின் பிழை. பிழைக்கு முகம் கிடையாது.

வாலுவைப் பொறுப்பெடுத்து ஆறு மாதம் முடிந்ததும் சான்று அச்சாகி வந்தது. தேடல் முடிவு, பொருத்தம் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "நிஜமா யாரும் தேடி வரலையா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வேறு பெயர் வைத்தோம். கொம்பும் இல்லாத, காலும் இல்லாத, எழுத எளிதான பெயர்.

தையல்காரம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். ஊன்றுகோல் சத்தம் வாசல் படியில் கேட்கும், பிறகு கூடத்தின் சிமெண்டுத் தரையில் கேட்கும், பிறகு ஜன்னலில் நிற்கும். ஊன்றுகோலை விட்டபிறகும் கால் கொஞ்சம் இழுத்தது. இப்போதும் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் கிழமை என்ன என்று பார்க்கிறேன்.

ஒரு நாள் அவர் என்னைக் கேட்டார். "சார், உங்களுக்குப் பொண்ணு இருக்காமே, எங்க பொண்ணு வயசுதான்னு அக்கா சொன்னாங்க. அஞ்சு வயசுக்கு எவ்வளவு உயரம் இருக்கும்? தோள் எவ்வளவு? கிடைச்சதும் போட்டுவிட ஒரு கவுன் தைக்கலாம்னு. சின்னதாப் போயிட்டா பாவம்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் வாலுவைக் கதவோரம் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். டேப்பை வைத்துத் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் எடுத்தேன். கூச்சம் தாங்காமல் நெளிந்துகொண்டே சிரித்தது. அடுத்த செவ்வாய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மஞ்சளில் ஒரு கவுன் கொண்டுவந்தார். நேராக என்னிடம் நீட்டினார். "கிடைக்கிற வரைக்கும் உங்க பொண்ணு போட்டுக்கட்டும் சார். துணி சும்மா கிடக்கக் கூடாது. அவ கிடைச்சதும் புதுசு தைச்சுக்கிறேன்."

வாலுவுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அளவெடுத்துத்தான் தைத்திருந்தார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்று. நான் அளவு எழுதிக் கொடுப்பேன், அவர் தைத்துக் கொடுப்பார். எட்டு வருஷம், எட்டு உடுப்பு. எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றவள் கையால் தைத்த உடுப்பு கிடைக்கிறது? இந்த விஷயத்தில் நான் வாலுவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு உடுப்பிலும் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஓர் எழுத்து தைத்திருப்பார். குழந்தையின் பெயரின் முதலெழுத்து. கொம்பும் காலும் உள்ள அந்த எழுத்து. முதல் தடவை அதைப் பிரிக்கும்போது துணியைத் திருப்பிப் பார்த்தேன். கொம்பில் ஆரம்பித்த நூல், நடு எழுத்து வழியாக, கால் வரைக்கும் ஓர் இடத்திலும் அறுபடாமல் ஓடியிருந்தது. அவருக்கு அது ஒரே எழுத்து. நான் அலுவலகக் கழிவறையில் நின்று சவர பிளேடால் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்தேன். நூலை எடுத்துவிடலாம், ஊசி போன ஓட்டைகளை எடுக்க முடியவில்லை. தண்ணீரில் நனைத்து நகத்தால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

மற்றவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு குடும்பம். எல்லோரையும் எனக்குத் தெரியும், அவர்கள் வரும் கிழமை உட்பட. ஒரு முதியவர் மனைவியைத் தேடி வருவார். தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, அன்றே கூட்டிக்கொண்டு போகப் போகிறவர் போல வருவார். அந்த அம்மாள் இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு முகாமில் இருந்தார். மூன்றாவது வருஷம் இருவரும் ஒரே மழைக்காலத்தில் இறந்துபோனார்கள், அவர் இங்கே, அந்த அம்மாள் அங்கே. இறப்புப் பதிவுகளும் என் கணினிக்குத்தான் வரும். ஒரு லாரி ஓட்டுநர் தம்பியைத் தேடினார், ஒவ்வொரு முறையும் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே பேசுவார். ஒரு நாள் கண்ணாடியை உடைத்துவிட்டு, அழுதுகொண்டே அவரே பொறுக்கினார். நான் துடைப்பம் எடுத்துக் கொடுத்தேன்.

பதிவு அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சார், இந்த மெஷின் சில பேரைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார். அவருடைய அண்ணனும் அந்த நாற்பத்திரண்டில் ஒருவர். அக்கா ஒரே கூடத்தில் தினமும் முகம் பார்க்கிறவர், எனக்குத் தேநீர் வைக்கிறவர். மனசு கேட்கவில்லை. பழைய தாள்களைச் சல்லடை போட்டுச் சலித்ததாகச் சொல்லி அண்ணன் இருக்குமிடத்தைக் கையால் எழுதிக் கொடுத்தேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். அதன் பிறகு அவர் மெஷினைக் குறை சொல்லவில்லை.

இப்படி ஒன்பது வருஷம். போன மாதம் அலுவலகத்தை மூடிவிட்டுப் பதிவுகளைப் புதுக் கணினிக்கு மாற்ற ஒரு பெண் நிரலர் வந்தார். சுறுசுறுப்பான பிள்ளை. இரண்டாவது நாளே என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்த வரி நீங்க எழுதினதா?"

"ஆமா."

"எழுதிட்டு எதுக்கு மூடி வெச்சீங்க?"

அவர் என் எதிரிலேயே அந்தக் குறியை எடுத்துவிட்டு ஓட்டினார். நாற்பத்து மூன்று பெயர். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அறைக்குள் ஆட்கள் வந்து நிற்பது போல இருந்தது எனக்கு. பதினேழாவதில் கொஞ்சம் நிறுத்தினார், பொறுப்பு எடுத்தவர் பெயரையும் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பின்னால் பதிவு அக்கா நின்றுகொண்டிருந்தார், கையில் தேநீரோடு. அதை அவர் என் மேசையில் வைக்கவில்லை.

நேற்று நீங்கள் வாலுவை அழைத்துப் போக வந்தீர்கள். பதின்மூன்று வயது. தையல்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் என்னோடு பேசி இன்றோடு இருபத்தாறு நாள். வாலு, தையல்காரம்மா கடைசியாகத் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். கழுத்துப் பட்டையை மடித்து அந்த ஓட்டைகளைக் காட்டினாள்.

"எல்லாச் சட்டையிலயும் இது இருக்குப்பா. சின்னப் பிள்ளையிலிருந்து தடவிப் பார்ப்பேன். இதுல என்ன இருந்துச்சு?"

"உன் பேரு," என்றேன்.

அவள் அழவில்லை. சட்டையை மட்டும் கழற்றித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது உன்னுடையதுதான் என்றேன். படியில் இறங்கும்போது அந்த அம்மா கையை நீட்டினார். வாலு கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை, ஆனால் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு அறுந்துபோனது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அக்காவின் அண்ணனைக் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி, மற்ற நாற்பத்தொரு பேரையும் எழுதிக் கொடுத்திருக்கலாமே, ஒரு மத்தியானத்து வேலைதானே, வாலு அப்போதும் உங்களிடமேதான் இருந்திருப்பாளே என்று கேட்டீர்கள். தோன்றவில்லை என்று காலையில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். தோன்றியது. முதல் நாளே தோன்றியது. நாற்பத்திரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதினேன், முகாம், அறை எண் எல்லாம் போட்டு. எழுதி முடித்தபின் யோசித்தேன். இத்தனை பேரையும் நான் கண்டுபிடித்தால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாராவது கேட்பார்கள். சொன்னால் வாலுவின் பெயரும் வெளியே வரும். தாளை மடித்து, தபால் பிரிக்கிற அந்த மர அறை ஒன்றில் வைத்தேன். எந்த அறை என்று சொல்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் தொலைப்பதில்லை. அந்த நாற்பத்திரண்டு பேரை எனக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன். முதியவரையும் அவர் மனைவியையும் சேர்த்துத்தான். தெரிந்தே செய்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த மாதம் வாலுவுக்குப் பதினாலு முடிகிறது. போன வருஷத்தைவிட இப்போது மூன்று விரற்கடை வளர்ந்திருக்கிறாள், தோளும் அகன்றிருக்கிறது. போன வாரம் அவள் தூங்கும்போது அளந்தேன், எல்லாம் இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். இதைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நான் எழுதிக் கொடுக்காவிட்டால் அவருக்கு அளவு எப்படித் தெரியும்?